பித்தும் இரத்தமும்

“ரத்தத்துல தெரியாத நோவுன்னு ஒண்ணு உண்டுங்களா ஐயா?”

இவ்வினாவை நம்மிடம் தொடுத்தவர், கந்தர்வக்கோட்டைக்கு அருகே முந்திரிக்காடுகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த தாய். நம் வகுப்பில் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவன் ஒருவனைப் பெற்றவர். மஞ்சள் பையிலிருந்து பரிசோதனைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நம் மேசைமீது அடுக்கினார். சர்க்கரை பார்த்தாயிற்று, டைபாய்டு பார்த்தாயிற்று, தைராய்டும் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றே அச்சிட்டிருந்தது. வேறொரு வீட்டில் அச்சொல் ஆறுதல் தந்திருக்கும். இவ்வீட்டிலோ அது தீர்ப்பாகிவிட்டது. “ஒண்ணுமில்லன்னு மிசினே சொல்லிருச்சு, ஒம்மவனுக்குத் திமிருதான்” என்று பங்காளிகள் பேசத் தொடங்கிவிட்டனர்.

இருமுனை மனக்கோளாறை, அதாவது பைபோலார் என்று இன்று பரவலாக அறியப்படும் நோயை, ஒரு துளி இரத்தத்திலிருந்தே கண்டறியலாம் என்னும் செய்திகள் சில ஆண்டுகளாக நாளேடுகளில் வந்தவண்ணம் உள்ளன. அவற்றைப் படிக்குந்தோறும் அந்த மஞ்சள் பைதான் நம் நினைவுக்கு வருகிறது. நாம் மருத்துவம் பயின்றவர் அல்லர், தமிழ் பயின்றவர். எனினும் இப்பொருள் குறித்து நமக்குச் சொல்ல ஒன்று உண்டு. சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்பதை, அடுத்து வரும் பத்தியைப் படித்தபின் வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அம்மாணவன் இரண்டாம் ஆண்டில் பயின்றபோது ஒரே வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்களை எழுதிக்கொண்டு வந்தான். பாதிக்கு மேல் தளை தட்டாதவை. இரவெல்லாம் உறங்கவில்லை என்றான். உறக்கம் தேவைப்படவே இல்லை என்றான். பேச்சு வெள்ளமாய்ப் பெருகியது. ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குத் தாவியது. கம்பனுக்குப் பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது என்று சிரித்தபடி சொன்னான். நாம் என்ன செய்தோம்? துறைக்கு அழைத்துச் சென்று சக ஆசிரியர்கள் முன்னிலையில் படிக்கச் சொன்னோம். கைதட்டினோம். மாலை ஒன்று போடாததுதான் குறை. அடுத்த மாதம் அவன் கடன் வாங்கி, அச்சகத்தில் முன்பணம் கட்டினான். அதற்கடுத்த பருவத்தில் வகுப்புக்கே வரவில்லை. விசாரித்தபோது, வீட்டுத் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடப்பதாகச் சொன்னார்கள். (வெண்பாக்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும். சிக்கலே அதில்தான் இருக்கிறது.)

நகரத்தில் ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் கண்டது சோர்ந்து கிடந்த ஓர் இளைஞனை. வெண்பா எழுதிய வாரத்தைப் பற்றி அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. தாய்க்கு அது நோயாகத் தோன்றவில்லை. மகன் துடிப்பாக இருந்த நல்ல காலம். நமக்கும் தோன்றவில்லை, நாம் அதைப் புலமை என்று அழைத்தோம். மனச்சோர்வுக்குரிய மாத்திரையை மட்டும் தனித்துக் கொடுத்தால் இந்நோயாளரில் சிலருக்கு மறுமுனையின் எழுச்சி கிளம்பிவிடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அவனுக்கும் அவ்வாறே ஆயிற்று. இருந்த இரண்டு மாடுகளையும் விற்று, ஊரில் நூலகம் கட்டப் போவதாகச் செங்கல்லுக்குப் பணம் கொடுத்துவிட்டான்.

நோய்க்கு உரிய பெயர் கிடைக்க மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே கோடாங்கி பார்த்தார்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினார்கள். உச்சிக்காலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளித்தபோது மகன் தெளிந்தான் என்று அந்தத் தாய் இன்றும் சொல்கிறார். நாம் அதை மறுக்க முற்படவில்லை. இந்நோயின் எழுச்சியும் சோர்வும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தாமாகவே தணியும் இயல்புடையவை. எனவே தணியும் நேரத்தில் எது கையில் இருந்ததோ அதற்கே புகழ் போய்ச் சேரும். கோடாங்கிக்கும் கோயிலுக்கும் மட்டுமன்று, சத்து டானிக்குக்கும் அப்புகழ் கிடைத்திருக்கிறது. அடுத்த சுற்று வரும்போதோ பழி நோயாளியின் தலையில் விழுகிறது.

மனத்தின் கோளாறை உடலின் நீர்மத்தில் தேடுவது நமக்குப் புதிதன்று. பித்து, பித்தன், பித்துப்பிடித்தல் ஆகிய சொற்களெல்லாம் பித்தம் என்னும் உடல்நீரோடு உறவுடையவை. ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்று இன்றும் சொல்கிறோம். கிரேக்கர்கள் ஆழ்ந்த துயர்நிலைக்கு இட்ட பெயரின் பொருளும் ‘கரும்பித்தம்’ என்பதே. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை எனப் பெயரிட்டுப் பதினெட்டாக வகுத்தது. நாடி பார்த்து வாத பித்த கபங்களின் நிலையைச் சொன்னது. ஆக, ‘ரத்தத்தில் தெரியாதா’ என்று அந்தத் தாய் கேட்டது அறியாமையால் அன்று. அவர் பேசும் மொழியே அக்கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இனி, அறிவியல் இன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். நாம் படித்தவற்றுள் தெளிவானது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 அக்டோபரில் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வு என்று ஏற்கெனவே பெயரிடப்பட்டவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். விரலைக் குத்தி, சிறு அட்டையில் இரத்தத்தைச் சொட்டி உலரவைத்து அஞ்சலில் அனுப்பச் செய்தனர். அவ்வாறு வந்தவற்றுள் 241 பேரின் இரத்தப் பொட்டுகளில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட வளர்சிதைமாற்றப் பொருள்களை அளந்தனர். அவ்விளைஞனைப் போலவே, சோர்வு என்று முத்திரை குத்தப்பட்ட இவர்களுள் கால்பங்குக்கும் மேற்பட்டோர் உண்மையில் இருமுனை நோயாளர்கள் எனத் தெரியவந்தது. அவர்களைப் பிரித்துக்காட்டும் பதினேழு பொருள்கள் கிடைத்தன. செராமைடு எனப்படும் கொழுப்புவகை அவற்றுள் முதன்மையானது.

இதன் வலிமை எவ்வளவு? இருமுனை நோயாளி ஒருவரையும் வெறும் சோர்வு நோயாளி ஒருவரையும் நிறுத்தி எவர் யார் எனக் கேட்டால், இச்சோதனை நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தொரு முறை சரியாகச் சொல்லும். நாணயத்தைச் சுண்டிப்போட்டாலே ஐம்பது முறை சரியாக வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. இரத்தச் சோதனை தனித்து நின்று இருமுனை நோயாளருள் முப்பது விழுக்காட்டினர்வரை அடையாளம் காணக்கூடும் என்றே ஆய்வாளர்களும் அடக்கமாகச் சொன்னார்கள். கேள்விப்பட்டியலோடு சேர்த்துப் பயன்படுத்தியபோதுதான் பயன் கூடியது. ‘ஒரு சொட்டு போதும்’ என்று தலைப்பிட்டவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், செய்தி எழுதியவர்கள்.

அவ்வாய்வில் நம்மை நிறுத்தி யோசிக்கவைத்த இடம் வேறு. அந்த 241 பேரில் எவர் இருமுனை நோயாளர் என்பதை இரத்தம் சொல்வதற்கு முன்பே எப்படி முடிவு செய்தார்கள்? தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். உறக்கமின்றியே உற்சாகமாக இருந்த நாட்கள் உண்டா, எண்ணங்கள் விரைந்தோடிய காலம் உண்டா, வரம்பு மீறிச் செலவு செய்ததுண்டா என்று முறைப்படி கேட்டு, விடைகளைக் குறித்துக்கொண்டார்கள். அந்த விடைகளே அளவுகோல். இரத்தம் அந்த அளவுகோலுக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதைத்தான் மேற்சொன்ன எழுபத்தொன்று காட்டுகிறது. தேர்வுத்தாள் இரத்தத்தினுடையது, விடைக்குறிப்பு மனிதரின் பேச்சு. நாளைக்கே இதைவிடத் துல்லியமான சோதனை வந்தாலும், அது சரியா பிழையா என ஒத்துப்பார்க்க நோயாளியின் கதையைத் தவிர வேறு மூலம் கிடையாது. மூலபாடம், பாடபேதம் என்று நாம் வகுப்பில் கரடியாய்க் கத்துவது மருத்துவத்துக்கும் பொருந்தும்போலும்.

பிற நாடுகளிலும் இம்முயற்சி நடக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தார் 2021-இல் இரத்தத்தின் ஆர்.என்.ஏ. குறியீடுகளைக் கொண்டு சோர்வையும் இருமுனை நோயையும் பிரித்தறியும் வழியை முன்வைத்தனர், பிரான்சிலும் ஆர்.என்.ஏ. வழியிலான சோதனை ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது. நமக்கு அண்மையில், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை அங்குள்ள உயிரியல் ஆய்வு நிறுவனங்களோடு இணைந்து 2016 முதல் நடத்திவரும் ஆய்வுத்திட்டம் குறிப்பிடத்தக்கது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இருமுனை நோய், மனச்சிதைவு போன்றவை உள்ள குடும்பங்களைத் தேடி, அவர்களின் இரத்தத்திலிருந்து உயிரணுக்களை வளர்த்து ஆராய்கிறார்கள். நாளைக்கே ஒரு சோதனையை விற்பது அவர்கள் நோக்கமன்று. நோய் எவ்வாறு இயங்குகிறது என அறிவதே நோக்கம். தென்னிந்தியக் குடும்பங்களின் இரத்தத்தில் கற்கும் பாடமே நமக்கு மிகுதியும் பயன்படும் என்று தோன்றுகிறது. கேம்பிரிட்ஜின் உலர்ந்த பொட்டு, கேப்பைக்கூழும் பழைய சோறும் உண்டு வெயிலில் வேலை செய்யும் உடலுக்கு அப்படியே பொருந்துமா என்பதை இங்கே சோதித்தாக வேண்டும். அளக்கப்படுபவை கொழுப்புப் பொருள்கள். உணவும் மருந்தும் உறக்கமும் அவற்றை மாற்றக்கூடியவை.

ஆயினும் அந்தத் தாய் கேட்டது துல்லியத்தை அன்று, சாட்சியை. ‘பாசிட்டிவ்’ என்று அச்சிட்ட ஒரு தாள் இருந்திருந்தால் பங்காளிகள் வாயடைத்துப் போயிருப்பார்கள். மகன் சோம்பேறி என்னும் பட்டத்திலிருந்து தப்பியிருப்பான். இதை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீயில் கருகிய 28 பேரும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். நோயாளி என்னும் மதிப்பு அவர்களுக்குக் கிடைத்திருந்தால் சங்கிலி பூட்டக் கை எழுந்திருக்குமா? சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்தது.

ஆனால் அதே தாள் இன்னொரு வேலையும் செய்யும். நம் மொழியில் ‘இரத்தத்தில் தெரிந்தது’ என்பதற்கும் ‘இரத்தத்திலேயே ஊறியது’ என்பதற்கும் இடைவெளி மிகக் குறைவு. கேம்பிரிட்ஜ் ஆய்வு அளந்தது பரம்பரைக் கூறை அன்று. அந்நாளில் உடலில் இருந்த வேதிப்பொருள்களை. ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் இந்த வேறுபாட்டை யார் விளக்கப் போகிறார்கள்? மாணவனுக்கு ஒரு தங்கை உண்டு. இந்நோயில் மரபின் பங்கு பெரிது என்பதை மறைக்கத் தேவையில்லை; எனினும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று என்ற அளவிலேயே மருத்துவ நூல்கள் கணிக்கின்றன. பத்தில் ஒன்பது பங்கு இல்லாத ஒன்றுக்காக ஒரு குடும்பத்தின் வாசலையே ஊர் தவிர்த்துவிடும். சாட்சி கேட்டுப் போனவர் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்க நேரும். அத்தாளை யாரிடம் காட்டலாம், யார் கேட்கக் கூடாது என்பதை இப்போதே வரையறுத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் வரப்போகும் சோதனையைப் பற்றியது. ஏற்கெனவே வந்துவிட்ட ஓர் இரத்தச் சோதனை உண்டு. அதைப் பற்றி எந்த நாளேடும் துணுக்கு எழுதுவதில்லை. அதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

லித்தியம் என்பது உப்புவகை. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் அதை எழுச்சி நோயாளர்களுக்குக் கொடுத்து, வியக்கத்தக்க குணம் கண்டு எழுதினார். அவர் சிகிச்சையளித்த முதல் நோயாளியே அடுத்த ஆண்டில் லித்தியம் நஞ்சேறி இறந்தார். அதே 1949-இல் அமெரிக்காவில், சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் உப்பை உண்ட இதய நோயாளர் சிலர் இறந்ததால் அது கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. குணமளிக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே இருந்த வரப்பு அவ்வளவு குறுகலானது. அந்த வரப்பில் நடக்க வழிகாட்டியது இரத்தச் சோதனையே. சுடர் ஒளிமானி என்னும் கருவியால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்க முடிந்தபின், டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோவ் போன்றவர்களின் ஆய்வுகள் அம்மருந்தை மீட்டன. 1970-இல் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தது. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் நன்று, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் தலைகாட்டும். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்துகளுள் ஒன்று இது. விலை மலிவானது. தற்கொலையைத் தடுப்பதில் இதன் பங்கைப் பல ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன.

அம்மாணவன் இம்மருந்தில்தான் எழுந்து நின்றான். மூன்றாண்டுகள் எழுச்சியும் இல்லை, சோர்வும் இல்லை. பிறகு ஒரு சித்திரை மாதம். முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம். நாள் முழுதும் வெயிலில் வேலை. வியர்வையில் உப்பும் நீரும் வெளியேறின. இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். வலிமாத்திரைகள் பலவும் அதையே செய்யும். கை நடுங்கியது, வாந்தி எடுத்தான், நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. ஒரு நாள் முழுவதும் அப்படியே படுக்கவைத்திருந்தார்கள். மறுநாள் கொண்டுசென்ற இடத்தில் லித்தியம் அளவு பார்க்க வசதி இல்லை. இரத்தத்தை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டான் என்பது நல்லூழ்.

இரத்தம் அன்று உரக்கவே பேசியது. கேட்கத்தான் அருகில் ஆளில்லை.

இச்சோதனைக்கு ஒரு நியமம் உண்டு. கடைசி வேளை மருந்து உண்டு பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டால் காலை எட்டு மணிக்கு. கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குப் போனாலும் புதுக்கோட்டைக்குப் போனாலும் ஏறத்தாழ ஒரே தொலைவு. உள்கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, ஊருக்கு வந்து, மாறி ஏறிப் போய், வரிசையில் நின்று எட்டு மணிக்குக் கை நீட்டுவது எத்தனை பேருக்கு இயலும்? ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். எனவே ‘நல்லாத்தான இருக்கான்’ என்று மூன்று மாதச் சோதனை ஆறு மாதமாகி, ஆண்டாகி, பிறகு நின்றேவிடுகிறது. தாலுகா அளவிலேயே லித்தியம் அளவையும், அதனோடு சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் உரிய சோதனைகளையும் செய்து அன்றே முடிவு சொல்லும் ஏற்பாடு வேண்டும். இதற்குக் கேம்பிரிட்ஜ் வரை போக வேண்டியதில்லை. அரைநூற்றாண்டுப் பழைய தொழில்நுட்பம் இது.

எத்தனை பேருக்காக என்று கேட்கலாம். நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூவர் இந்நோயோடு வாழ்வதாகவும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர் என்றும் கணித்தது. 2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்ட மக்கள்தொகை 16 லட்சத்துக்கு மேல். அக்கணக்கை இங்கும் பொருத்தினால் மாவட்டத்தில் மூவாயிரம் பேருக்குக் குறையாது.

இறுதியாக நம் இலக்கிய வட்டத்தாரிடம் ஒரு சொல். ‘ழ’ இதழை நடத்திய ஆத்மாநாம் மனநிலைக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றவர்; 1984-இல் முப்பத்து மூன்றாம் வயதில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அந்நோயை அவருடைய கவித்துவத்தின் ஒரு கூறாகவே பேசி நாம் பழகிவிட்டோம். கோபிகிருஷ்ணன் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நாவலில் நோயாளர்களைப் பேசவிட்டுக் காது கொடுத்தார். எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ 1993-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. இவற்றையெல்லாம் பாடமாக நடத்தியவர் நாம். நடத்திய கையோடுதான் அந்த வெண்பாக்களுக்குக் கைதட்டினோம். உறக்கமில்லாமல் எழுதிக் குவிக்கும் இளைஞனை இப்போது கண்டால், பாட்டைப் படிப்பதற்குமுன் ‘எத்தனை நாளாகத் தூங்கவில்லை தம்பி?’ என்று கேட்கிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை.

அவன் இப்போது ஊரிலேயே சிறு கடை வைத்திருக்கிறான். எப்போதாவது ஒரு வெண்பா எழுதி அனுப்புகிறான். முன்போல் நூறு இல்லை. தாய் அதே மஞ்சள் பையில் சீட்டுகளைச் சேர்த்துவருகிறார். சென்ற முறை காட்டியதில் 0.7 என்றிருந்தது. “இது நார்மலுதானுங்களே ஐயா?” என்று கேட்டார். ஆமாம் அம்மா என்றோம். அடுத்த சோதனை தை மாதக் கடைசியில். ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.